அம்மாவுக்கு வேதம் வாசிக்க ஒரு குரல்

எங்கள் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பாவின் தொண்டையில் டொக்டர்மார் கத்தி வைக்கும் வரைக்கும் அது ஒரு குறையாக எங்கள் வீட்டில் யாருக்கும் படவில்லை.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். இலங்கை மலைநாட்டில் டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயம், அந்த லயத்தில் நடுக் காம்பரா எங்களுடையது. சுற்றியிருந்தவர்கள் மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து என்று இருக்க, நாங்கள் மட்டும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். உபதேசியார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், அதுவும் பஸ் வந்தால். மற்ற நாட்களில் அப்பாதான் எங்கள் சபைக் குரு, அம்மாதான் மொத்தச் சபையும். நான் இடையில் எழுந்து போகும் ஆள்.

பொழுதுபட்டு அம்மா உலையை ஏற்றியதும் அப்பா வேதப்புத்தகத்தை எடுப்பார். அவர் வாசித்தால் அது வாசிப்பு மட்டும் இல்லை. போய்க்கொண்டே இருப்பவர் ஓரிடத்தில் வரியின் மேல் விரலை வைத்து நிறுத்துவார். அம்மா அப்போதுதான் வாயைத் திறப்பாள். அவள் கேட்கப்போகிறாள் என்பது அவள் கேட்பதற்கு முன்பே அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கல்யாணம் கட்டி அத்தனை வருடம் ஒருத்தி முகத்தைப் பார்த்து வாசித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அம்மாவின் கேள்விகள் எந்தப் பிரசங்கியாரும் தயாராகி வராத கேள்விகள். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டு, மிச்சத்தைப் பன்னிரண்டு கூடைகளில் அள்ளினார்கள் என்று அப்பா வாசித்த ஒருநாள் நினைவிருக்கிறது.

“என்னாங்க, அந்தக் கூடையெல்லாம் யாருது?”

“யாருதுன்னு இதுல எழுதல புள்ள.”

“எழுதாட்டி போகுது. சோறு கொண்டுக்கிட்டு வராதவங்க கூடைய மட்டும் எதுக்குத் தூக்கிக்கிட்டு வந்தாங்க?”

அப்பா யோசித்தார். இந்த விஷயத்தில் அவருக்கு அவசரமே கிடையாது. உலை கொதித்துப் பொங்கினாலும் யோசிப்பார். கடைசியில், “வேல முடிஞ்சு மலையில இருந்து நேரா வந்திருப்பாங்க” என்றார். மலை என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொழுந்து எடுக்கிற மலைதான். அம்மாவுக்கு அது போதும். சரி, மேலே படிங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. படித்த பிள்ளை என்ற நினைப்பு அப்போது எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். எங்கள் வேதம் அவர்கள் காதில் விழும். அந்த வீட்டு அக்கா நெற்றி நிறைய விபூதியோடு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வருடக்கணக்காக எங்கள் வேதத்தை ஓசியில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரம் பிறந்த முதல் வருடங்களில், நான் ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்கு இருந்தேன். வெளிநாட்டுக்குப் பேச வருபவர்களுக்கு நம்பர் எடுத்துக் கொடுப்பது, போட்டோகொப்பி, கொம்பியூட்டரில் டைப்பிங், இவைதான் வேலை. டவுனிலேயே ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். அந்த நாட்களில்தான் அப்பாவின் தொண்டை கரகரத்தது. குளிர் என்றோம். வெற்றிலை என்றோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்தைக் குடித்தார். கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குரல் இருக்கும் பெட்டியையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளையும், அதை மூட ஒரு வெள்ளைத் துணியுமாக அப்பா வீடு திரும்பினார்.

முன்பே அவர் குரலைப் பதிந்து வைத்திருக்கக் கூடாதா என்று இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்கிற குரலை எவன் பதிந்து வைக்கிறான்?

வந்த அன்று பொழுதுபட்டதும் அப்பா பழக்கம்போலப் புத்தகத்தை எடுத்தார். அம்மாவும் எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் உதடுகள் அசைந்தன. விரல் வரியோடு நகர்ந்தது. கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அவர் உதட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அடுப்பைப் பார்ப்பதுபோல எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அப்பா புத்தகத்தை மூடிக் கட்டிலில் வைத்தார். 

நீ வாசிக்கலாமே என்று கேட்கலாம். சனிக்கிழமைகளில் வாசித்தேன். அம்மா வாய் திறக்காமல் கேட்டாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பதில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். முடித்ததும், “நல்லா வாசிச்ச பாப்பா” என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பாராட்டுவதுபோல இருந்தது.

நோய் திரும்ப வராது என்று எந்த டொக்டரும் எங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. எனக்கு ஒரே குறிதான் இருந்தது. அப்பா இருக்கும்போதே அந்தப் பொழுது அவர்கள் இரண்டு பேருக்கும் திரும்பக் கிடைக்க வேண்டும். பகல் முழுக்கக் கொழுந்து மலையில் ஏறி இறங்குகிற ஒருத்திக்கு அதைவிட்டால் தனக்கென்று வேறு என்ன இருந்தது?

கடைக்குப் பரீட்சைத் தாள் டைப் பண்ண வரும் யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் இருந்தார். டவுன் பாடசாலையில் ஆசிரியர், எங்களைப்போல வேதக்காரர். கொம்பியூட்டர் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே ஒரு சீடியோடு வந்தார்.

“இதிலை முழு வேதாகமமும் இருக்குது பிள்ளை. விளக்கவுரை இருக்கு, ஒத்த வாக்கியங்கள் இருக்கு. ஒரு சொல்லைக் குடுத்தீரெண்டால் எங்கெங்கை வருதெண்டு ஒரு நிமிசத்திலை காட்டும்.”

போட்டுப் பார்த்தோம். எழுத்துரு ஏறாமல், உலகத்தைப் படைத்த அதிகாரம் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக வந்து நின்றது. சேர் விடாக்கண்டனாக உட்கார்ந்து அதைத் தமிழாக்கினார். உண்மையிலேயே நல்ல சீடிதான். எனக்கென்று வாங்கியிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அம்மா தமிழ் வாசிப்பாதானே?” என்று கேட்டார்.

“இல்ல சேர்.”

சீடியை வெளியே எடுத்து உறையில் போட்டார். “அப்ப இது சரிவராது பிள்ளை. அவவுக்குக் குரல்தான் வேணும்” என்றார்.

அந்த சீடியால் ஒரு நன்மை உண்டானது. கிளினிக் முடிந்து திரும்பும் வழியில் அப்பா கடைக்கு வந்தார். தேடும் வசதியைக் காட்டி, என்ன சொல் வேண்டும் என்று கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘கூடை’ என்று எழுதி நீட்டினார். கூடை வரும் இடமெல்லாம் திரையில் வரிசையாக விழுந்தன. அப்பா திரையில் மூக்கு முட்டக் குனிந்து ஒவ்வொன்றையும் வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். யாருடைய கூடை என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அவர் இத்தனை வருடமாக உள்ளே பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், கஸ்டமர்கள் முன்னால் கண்ணைத் துடைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்தது இந்தியாவில் இருந்து வந்த சீடிக் கட்டு. நாடகம்போலப் பதிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல், நடுநடுவே வயலின், இடி மின்னல், ஆட்டுக்குட்டிச் சத்தம் எல்லாம் உண்டு. கடையில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் என்று முடிவுகட்டி, ஒரு வீசிடி பிளேயரையும் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். படம் போடப்போகிறார்கள் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். டீவியில் வெறும் நீல நிறத்தைக் கண்டு கொஞ்ச நேரத்தில் கலைந்து போனார்கள்.

கடவுள் பேசும் இடம் வந்தது. எதிரொலியோடு கனத்த குரல், வீடே அதிர்ந்தது. அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“பெரட்டுல கண்டாக்கையா கத்துற மாதிரியே இருக்கு பாப்பா. விடியக்காலையில வேலைக்குப் பேர் கூப்புடுறப்ப கேக்குற சத்தம் பத்தாதா? பொழுதுபட்டும் கேக்கணுமா?”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை. சிரிப்பு இருமலாக மாறி, அம்மா ஓடிப்போய்த் துணியை மாற்றினாள்.

கடவுள், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா குரலில் பேசினால் அம்மாவால் கும்பிட முடியுமா? ஹட்டனில் இருந்துகொண்டு இதை நான் யோசித்திருக்கவே முடியாது. தரமான பதிவு, தெளிவான உச்சரிப்பு, முழு வேதமும் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேனே தவிர, விடியற்காலைப் பெரட்டில் நிற்கிறவளுடைய காதால் கேட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கட்டு வீணாகவும் இல்லை. மறுநாள் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே படிக்கிறத நிப்பாட்டுனதுல இருந்து எனக்கு ஒரே யோசனங்க. அண்ணன்மாரெல்லாம் சேந்து தம்பிய வித்துப்புட்டானுங்களே, அந்தப் பையன் அப்பறம் என்னா ஆனான்?”

அப்பா கட்டோடு தூக்கி அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் வீட்டு பிளேயரில் இருந்து வேதம் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது, இடி மின்னலோடு.

மூன்றாவதை அதிகம் நம்பாமல்தான் கொண்டுபோனேன். ஒற்றை எம்பி த்ரீ சீடி. சங்கீதம் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை. நடுவயது ஆள் ஒருவர் முதல் அதிகாரத்தில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்துக்கொண்டே போகிறார். திரையில் அதிகாரத்துக்கு ஒரு நம்பர் விழும், அதை ரிமோட்டில் அழுத்தினால் அந்த அதிகாரம். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்காரு. ஆனா பஸ்ஸப் புடிக்கப் போறவரு மாதிரி நிக்காம ஓடுறாரே.”

அப்போது அப்பா என் கையில் இருந்த ரிமோட்டை வாங்கினார். எது என்ன என்று சைகையில் கேட்டு, எந்தப் பொத்தான் நிறுத்தும் என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டார். குரல் ஓடியது. ஓரிடத்தில் சட்டென்று நின்றது. நான் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டேவிட்டாள்.

“என்னாங்க, காணாமப்போன காசத் தேடிக் கண்டுபுடிச்சவ ஊரையே கூப்புட்டு விருந்து வச்சா, அந்தக் காசு அதுலயே செலவாயிருக்குமே?”

அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கையால் ஏதோ காட்டினார், அது எங்களுக்குப் புரியவில்லை. திரும்பவும் காட்டினார். அம்மா, “சரி சரி, வெளங்கிருச்சுங்க” என்றாள். விளங்கவில்லை என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. மனம் கசந்துபோய்த் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். நான் கொண்டுவந்து கொடுத்தது கேள்வியை மட்டும்தான், பதிலை இல்லையே என்று வழியெல்லாம் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது வாசலிலேயே அம்மாவின் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. குரலை நிறுத்திவிட்டு அப்பா கட்டில் தலைமாட்டில் சாய்ந்திருந்தார். அம்மா தானே கேள்வியும் கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சேவல் கூவுனதும் அந்தச் சீஷரு பயந்துதான் ஓடுனாரு, அப்பிடித்தானே?”

அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப கோவம்?”

அதுவும் இல்லை.

“வெக்கம். வெக்கப்பட்டுக்கிட்டு ஓடுனாரு.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். அம்மாவின் முகம் இருந்த இருப்பை நான் எப்படிச் சொல்ல? பரீட்சை பாஸான பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு முகம் இருக்காது.

அதற்குப் பிறகு அவர்கள் படிப்பு அப்படித்தான் நடந்தது. அவர் நிறுத்துவார், இவள் கேட்பாள், இவளே இரண்டு மூன்று பதில் சொல்லிப் பார்ப்பாள், அவர் தலை ஆடும் வரைக்கும் விடமாட்டாள். அம்மா அவ்வளவு பேசி நான் அதுவரை கண்டதில்லை. பேசப் பேசக் கெட்டிக்காரியாகிக்கொண்டு வந்தாள். அப்பா தன் வாயால் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாத பதில்களுக்கெல்லாம் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உபதேசியார் ஒருமுறை வந்து இருந்து பார்த்துவிட்டு, இது என்ன புது முறை என்றார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சந்தோஷத்தை நான் முழுதாக நம்பினேன். நம்பியிருக்கக் கூடாது. மழைக்காலம் தொடங்கும்போது அப்பாவின் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் அதிகம் பேசவில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். படுக்கையில் கிடந்தும் ரிமோட்டைக் கையில் இருந்து விடவில்லை. நிறுத்திவிட்டு அப்படியே கண் அயர்ந்துவிடுவார். திரையில் அந்த அதிகார நம்பர் அசையாமல் நிற்கும். அம்மா அவரை எழுப்பமாட்டாள், அடுத்த வரியையும் போடமாட்டாள், அவர் கண் திறக்கும் வரைக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கடைசி நாட்களில் தலையாட்டவும் அவருக்கு முடியவில்லை. இமையை மூடித் திறந்தால் சரி என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

மழை விடாமல் கொட்டிய ஒரு பகலில் அப்பா போய்விட்டார். பாதையில் மண் சரிந்து உபதேசியாரின் பஸ் வரப் பிந்தியது. பெட்டியைத் தூக்கியவர்கள் எல்லாரும் திருநீறு பூசியவர்கள். தேயிலைக்கு நடுவே இருக்கும் தோட்டத்து மயானத்தில் வழுக்கி வழுக்கி நடந்து அவரைக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அம்மா அழவில்லை. அழாதவளைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்தார்கள். நானும் பயந்தேன்.

அதன்பிறகு பல வாரங்கள் அந்த மெஷின் துணி மூடிக் கிடந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவும் நாடக சீடியைப் போடவில்லை. எனக்குப் பெரிய பயம், அம்மா இனி வேதமே கேட்கமாட்டாளோ என்பது. அப்பாவோடு சேர்ந்து அதுவும் அந்தக் குழிக்குள் போய்விட்டதோ என்று நினைத்தேன். வற்புறுத்தும் தைரியமும் எனக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, நான் கேட்காமலேயே, “அதப் போடு பாப்பா” என்றாள்.

எந்த அதிகாரம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டேன். நடுவயது ஆள் பழையபடி பஸ் பிடிக்கிற அவசரத்தில் வாசித்துக்கொண்டு போனார். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அப்பா எதைப் பார்த்து நிறுத்தினார்? புருவத்தையா, உதட்டையா? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஓரிடத்தில் அவள் மூச்சை இழுத்ததுபோல இருந்தது. அழுத்திவிட்டேன். குரல் நின்றது. தகரத்தில் மழைச் சத்தம் மட்டும்.

அம்மா திரும்பினாள். “ஏன் நிப்பாட்டுன?”

“நீங்க ஏதோ கேக்கப் போறீங்கன்னு நெனச்சேம்மா.”

“நான் கேக்கல.” ரிமோட் இருந்த என் கையைப் பார்த்தாள். “ஒனக்கு ஏதும் கேக்கணுமா?”

அந்த வீட்டில் வேதம் வாசிக்கும்போது என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் எதையும் கேட்டதில்லை, கேள்வி கேட்பது படிக்காதவர்கள் வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது எனக்கு ஒன்று இருந்தது. அப்பாவைக் குழியில் இறக்கிய அன்றிலிருந்து இருந்தது.

“அப்பாவுக்கு அங்க கொரல் திரும்பக் கெடச்சிருக்குமாம்மா?”

அம்மா யோசித்தாள். அப்பாவைப்போலவே, அவசரமில்லாமல்.

“கெடச்சிருக்கும்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கட்டில் தலைமாட்டைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கம்தான். தலை ஆடுகிறதா என்று பார்த்தாள். அங்கே மடித்து வைத்த கம்பளி இருந்தது. அம்மா முகத்தைத் திருப்பவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே சரியா தப்பான்னு எனக்கு யாரு பாப்பா சொல்லுவா?” என்று கேட்டாள். பிறகுதான் அழுதாள்.